இன்னிக்கு எத்தனை?

வீட்டுக்குள் நுழைந்ததும் மனோகரன் கேட்பது
'ஜெயிச்சாங்களா' என்று அல்ல.
'இன்னிக்கு எத்தனை?'
காய்ச்சல் எவ்வளவு என்பதைப் போல.

ஆறு என்பேன். சில வாரம் நான்கு.
நான்கு என்றால்
என் தட்டில் இன்னோர் அப்பளம் விழும்.

ரெட்ஹில் ரேஞ்சர்ஸ்.
மூன்றாம் பிரிவில் கடைசி.
நான்காம் பிரிவென்று ஒன்று இல்லாததால்
இன்னும் மூன்றாம் பிரிவு.

பேருந்து ஓட்டுகிறேன் நான்.
சனிக்கிழமை மாலை வேலையை
ரோஸ்லினாவிடம் தள்ளிவிடுவதற்காக
இரண்டு தீபாவளிக்கு முந்தைய நாள்களை
அவளிடம் விற்றிருக்கிறேன்.

செங்காங்கில் புல் கிடையாது, நீலத் தரை.
ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பீய்ச்சி நனைப்பார்கள்.
விளக்கெல்லாம் தலைகீழாய்த் தரையில் மிதக்கும்
அந்த ஐந்து நிமிடம்
நாங்கள் யாரிடமும் தோற்றதில்லை.

எதிரணிக்கு முரசு உண்டு.
எங்களுக்கு மூன்று பேர்:
நான்,
கைப்பேசியிலிருந்து தலை தூக்காத
கோல்கீப்பர் இளம்பரிதியின் காதலி,
அப்புறம் டான் அங்கிள்.
அவர் மகன் எங்கள் அணியில் ஆடியவன்,
பெர்த்துக்குக் குடிபோய் ஒன்பது வருடம்.
அப்பாவிடம் யாரும்
இனி வர வேண்டாமென்று சொல்லவில்லை.

எங்கள் பெனால்டி கார்னருக்கு
எந்த அணியும் பயந்ததில்லை.
வேலிக்கு வெளியே கார் நிறுத்தியவர்கள்
பயந்திருக்கிறார்கள்.

மூன்று கோல் வாங்கியதும் வானத்தைப் பார்ப்பேன்.
மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதினால்
ஆட்டம் நிற்கும்.
அந்த நேரம் பார்த்து வானம்
கழுவிக் கவிழ்த்த தட்டு.

போன சனிக்கிழமை.
நாற்பத்தொன்றாம் நிமிடம்.
ரிட்சுவான் யாருக்கோ கொடுத்த பந்து
எதிரணிக்காரன் மட்டையில் உரசித்
திசை மாறி, மெதுவாக,
வழி கேட்டுக்கொண்டு போவதுபோல
வலைக்குள் போய் நின்றது.

பலகையில் எங்கள் பக்கம் ஒன்று எரிந்தது.
அந்தப் பக்க விளக்கு வேலை செய்யும் என்பதே
அன்றுதான் தெரியும்.
டான் அங்கிள் என் கையைப் பிடித்தார்.
காதலி, 'என்ன ஆச்சு?' என்றாள்.

'முன்னணியில் இருக்கிறோம்.'
தன்மைப் பன்மை. நிகழ்காலம்.
உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்புக்குப் பிறகு
ஒரு வாக்கியத்தை இவ்வளவு கவனமாகச்
சொன்னதில்லை.

ஒன்பது நிமிடம்
கால் மாற்றி நிற்கவில்லை நான்.
கொசுவை அடிக்கவில்லை.
டாய்லெட்டை நினைக்கவில்லை.

சங்கு ஊதியது.

ஒரு துளி மழை இல்லை.
பொங்கோல் பக்கம் எங்கோ
யாருக்கும் தெரியாமல் ஒரு மின்னலாம்.
எல்லாரும் கூரைக்குக் கீழே.
இளம்பரிதி கவசத்தோடு
கவிழ்ந்த சோபா மாதிரி உட்கார்ந்து
ஆறிய கறிப்பஃப் தின்றான்.
குர்ப்ரீத் நடுவரின் கைக்கடிகாரத்தையே பார்த்தான்.
நாற்பது நிமிடம்.
விதிப்புத்தகம் வந்தது.
ஆட்டம் ரத்து. புதன்கிழமை, மறுபடி,
பூஜ்யத்திலிருந்து.

அன்றிரவு 'எத்தனை?' என்ற கேள்விக்கு
என்னிடம் எண் இல்லை.
மனோகரன் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றார்.

புதன்கிழமை
ரோஸ்லினா அசைந்துகொடுக்கவில்லை.
இரவு ஒன்பதே முக்காலுக்கு
மைதானத்துக்கு அடுத்த நிறுத்தத்தில்
ஊதாத் தொப்பியோடு ஏறினார் டான் அங்கிள்.
அட்டையைத் தட்டினார்.
என் வாயிலிருந்து அதே வார்த்தை:
'எத்தனை?'

ஐந்து விரல்.
கதவை மூடினேன்.

பேருந்தில் இருக்கை நிறைய இருந்தும்
கம்பியைப் பிடித்தபடி
என் பக்கத்திலேயே நின்றார்.
சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது
கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

'ஒன்று எரிந்தது. நீயும் பார்த்தாய்தானே?'

'பார்த்தேன், அங்கிள்.'

பதிவேட்டில் இல்லை அந்தக் கோல்.
பச்சை விழுந்தது.
எடுத்தேன்.